சோரியாசிஸ் நோயும் தேகப் பயிற்சியும்

உயிருக்கு உடனே ஆபத்து விளைவிக்காத நோய்கள் சில உண்டு. ஆயினும் அவை மனிதனை மெல்ல மெல்ல வீட்டுக்குள் ஒடுக்கிவிடுகின்றன. நாட்பட்ட தோல் நோய்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

எம் அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக விடியற்காலையில் இறகுப்பந்து ஆடியும், கோடையில் நீந்தியும் வந்தவர். அவருடைய முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் வெண்மையான செதில்களோடு கூடிய செந்நிறத் தடிப்புகள் தோன்றின. வைத்தியர் அதனைச் சோரியாசிஸ் என்று கண்டறிந்தார். வியர்த்தபோது அரிப்பு மிகுந்தது. மட்டையை வீசியபோது முழங்கையில் இருந்த வெடிப்பில் இரத்தம் கசிந்தது. ஒருநாள் நீச்சற் குளத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் கரையேறிவிட்டனர். அன்றோடு அவர் ஆட்டத்தையும் நீச்சலையும் கைவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய எடை 14 கிலோகிராம் கூடியிருந்தது. இரத்த அழுத்தமும் உயர்ந்திருந்தது. தோலின் நிலையோ முன்னிலும் மோசமாகியிருந்தது. நோயைக் கருதி அவர் மேற்கொண்ட ஓய்வு, நோயைத் தணிக்கவில்லை.

இவர் போன்றோர் நம் நாட்டில் பலர் இருத்தல் கூடும். இந்தியாவில் வெளியான ஆய்வுகளின்படி, மக்களுள் 0.44 முதல் 2.8 சதவிகிதம் வரையிலானவர்களுக்கு இந்நோய் காணப்படுகிறது. இவர்கள் தேகப் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை, கைவிடவும் கூடாது. பிறரைவிட இவர்களுக்கே அது இன்றியமையாதது எனலாம். ஆனால் தோலின் இயல்பை அறிந்து, அதற்கேற்பப் பயிற்சியை அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

நமது தோலின் மேற்பகுதியில் உள்ள உயிரணுக்கள் அடித்தளத்தில் பிறந்து, படிப்படியாக மேலெழுந்து, இறுதியில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய செதில்களாக உதிர்கின்றன. சாதாரணமாக இதற்குச் சுமார் ஒரு மாத காலம் ஆகிறது. சோரியாசிஸ் நோயில் இது மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. முதிர்ச்சி பெறாத உயிரணுக்கள் மேற்பரப்பில் வந்து குவிவதால் தடிப்பும் செதிலும் உண்டாகின்றன. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு, தக்க காரணமின்றித் தூண்டப்பெற்று, தோலில் இடைவிடாத அழற்சியை விளைவிப்பதே இதன் அடிப்படை. பரம்பரையாக வரும் இயல்பும் இதற்குத் துணை செய்கிறது. சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை எனக் கூறப்படுவது இதுவே என்பர்.

இந்நோய் தொற்றுவதன்று. நோயாளரைத் தொடுவதாலோ, அவர் அமர்ந்த இடத்தில் அமர்வதாலோ, அவர் குளித்த நீரில் குளிப்பதாலோ பிறருக்கு இது வராது. இதில் ஐயத்துக்குச் சிறிதும் இடமில்லை. ஆயினும் இந்நோயாளர் நீண்ட காலமாக அடைந்துவரும் அவமதிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. பழங்கால ஐரோப்பாவில் இந்நோயும் தொழுநோயும் ஒன்றெனவே கருதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் வைத்தியர் ராபர்ட் வில்லன் இதன் தோற்றத்தைத் தெளிவாக விவரித்தார். எனினும், தொழுநோயைக் குறிக்கும் சொல்லை அவரும் இதற்குச் சூட்டிய பெயரிலிருந்து நீக்கவில்லை. 1841இல் வியன்னா நகரத்து வைத்தியர் பெர்டினாந்து ஹெப்ரா இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை நிலைநாட்டினார். ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் ஆகியும் அக்குழப்பத்தின் எச்சம் பலர் உள்ளத்தில் நீடிக்கிறது. தொழுநோயும் இன்று மருந்தால் முற்றிலும் குணப்படுத்தக் கூடியதே என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

2014ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, சோரியாசிஸ் நோயைத் தொற்றாத, நாட்பட்ட, வேதனை மிகுந்த நோய் என அங்கீகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நோயாளர் மீது சமூகம் காட்டும் விலக்கத்தை அகற்ற முயலுமாறு அது உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

பயிற்சி ஏன் தேவை?

முற்காலத்தில் இது தோலோடு நின்றுவிடும் நோய் என்றே எண்ணினர். தோலில் தோன்றும் அழற்சியின் விளைவுகள் இரத்தத்தின் வழியே உடல் முழுவதையும் எட்டுகின்றன என்பது இப்பொழுது தெளிவாகியுள்ளது. பிரிட்டனில் பொது மருத்துவர்கள் வைத்திருந்த பதிவேடுகளை ஆதாரமாகக் கொண்ட ஆய்வு ஒன்று 2006இல் வெளியாயிற்று. கடுமையான சோரியாசிஸ் உள்ள 30 வயதினருக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு, அந்நோய் இல்லாத அதே வயதினருக்கு இருப்பதைப்போல் சுமார் மூன்று மடங்கு என்று அவ்வாய்வு காட்டியது. அவ்வயதில் மாரடைப்பு அரிதே. ஆகவே இம்மூன்று மடங்கும் எண்ணிக்கையில் சிறியதுதான். எனினும் இதைப் புறக்கணிப்பதற்கில்லை. உடற்பருமன், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவையும் இந்நோயாளரிடையே மிகுதியாகக் காணப்படுகின்றன.

உடலில் சேரும் கொழுப்பு வெறும் சேமிப்பு அன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அதுவும் உண்டாக்குகிறது. ஆதலால் பருமன் நோயை வளர்க்கிறது. நோயால் நடமாட்டம் குறைவதோ பருமனை வளர்க்கிறது. இச்சுழலை அறுப்பதற்குப் பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் துணை செய்கின்றன. இத்தாலியில், மிகை எடையுள்ள 303 சோரியாசிஸ் நோயாளரை இரு பிரிவுகளாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவுகள் 2014இல் வெளியாயின. ஒரு பிரிவினர் 20 வாரங்கள் உணவுத் திட்டத்தையும் தேகப் பயிற்சியையும் மேற்கொண்டனர். மற்றவர்களுக்கு எடைக் குறைப்பைப் பற்றிய அறிவுரை மட்டுமே வழங்கப்பட்டது. இரு பிரிவினருக்கும் மருந்துச் சிகிச்சை தொடர்ந்து நடைபெற்றது. நோயின் கடுமையை அளக்கும் எண், முதற் பிரிவினரிடம் 48 சதவிகிதமும், இரண்டாம் பிரிவினரிடம் 25.5 சதவிகிதமும் குறைந்தது. மருந்தோடு பயிற்சியும் உணவும் சேரும்போது மருந்தின் பயன் பெருகுகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். மருந்துக்குப் பதிலாகப் பயிற்சி என்று கொள்ளுதல் தவறு.

உஷ்ணமும் வியர்வையும்

தசைகள் வேலை செய்யும்போது செலவாகும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே இயக்கமாக மாறுகிறது. எஞ்சியது உஷ்ணமாகும். இவ்வுஷ்ணத்தை வெளியேற்றும் பொறுப்பு தோலைச் சார்ந்தது. இரத்தம் தோலை நோக்கிப் பெருகுகிறது; 20 லட்சம் முதல் 40 லட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள் நீரைச் சுரக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி உஷ்ணம் உடலை விட்டு நீங்குகிறது. வழிந்து கீழே சொட்டும் வியர்வையால் இப்பயன் இல்லை. ஆவியாகும் வியர்வையே உடலைக் குளிர்விக்கிறது.

சோரியாசிஸ் தடிப்புள்ள இடங்களில் வியர்வை நாளங்களின் வாய்கள் அடைபட்டிருப்பதால் அங்கு வியர்வை குறைவாகவே வெளிப்படுகிறது. தடிப்புகள் சிறு பரப்பில் இருப்பின் இதனால் கேடில்லை. உடலின் பெரும்பகுதியில் பரவியிருப்பின் உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் குன்றுகிறது. அத்தகையோர் வெயிலில் கடும் பயிற்சி செய்யலாகாது. தடிப்பு இல்லாத இடங்களில் சுரந்து வழியும் வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் உள்ளன. அவை வெடிப்புகளில் படும்போது எரிச்சலும் அரிப்பும் உண்டாகின்றன. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ்ப்புறம் ஆகிய மடிப்புகளில் வியர்வை தேங்கித் தோல் ஊறி நைந்து போவதும் உண்டு.

நம் நாட்டின் தட்பவெப்பம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் எல்லோருக்கும் ஒரே விதி கூறுதல் இயலாது. சென்னை, மும்பை, கல்கத்தா போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அங்கு விடியற்காலையிலோ, மின்விசிறியின் கீழோ பயிற்சி செய்வது நலம். டில்லி முதலிய வட நகரங்களில் மே, ஜூன் மாதங்களில் உஷ்ணம் 40 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் செல்கிறது. அப்போது பகலில் வெளியில் பயிற்சி செய்தல் எவருக்கும் தகாது. அங்கே குளிர்காலத்தில் வேறொரு தொல்லை எழுகிறது. வறண்ட காற்றினால் தோல் உலர்ந்து வெடிக்கிறது; பலருக்கு நோய் அப்பருவத்தில்தான் மிகுகிறது. புகையும் மூடுபனியும் சூழ்ந்த காலை வேளைகளில் வீட்டினுள் பயிற்சி செய்வதே சிறந்தது.

மிதமான காலை வெயில் பெரும்பாலோருக்கு நன்மை தருகிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் தோலின் அழற்சியைத் தணிப்பதே இதற்குக் காரணம். எனினும் அளவு கடந்த வெயிலால் தோல் கன்றிப்போனால் அவ்விடத்திலேயே புதிய தடிப்புகள் தோன்றக் கூடும். சிலருக்கு வெயிலே நோயை மிகுவிக்கிறது. இவர்கள் தம் அனுபவத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் அருந்துதல் அவசியம். இடையில் வியர்வையைத் துடைக்க மென்மையான பருத்தித் துணி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். துடைத்தல் என்பது ஒற்றி எடுத்தலாக இருக்க வேண்டும், தேய்த்தல் கூடாது.

உராய்வு விளைவிக்கும் தீங்கு

1872ஆம் ஆண்டில் பிரெஸ்லாவு நகரில் வாழ்ந்த ஹைன்ரிக் கோப்னர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டார். அவரிடம் சிகிச்சை பெற்ற சோரியாசிஸ் நோயாளர் ஒருவருக்குக் கீறல்களும் காயங்களும் ஏற்பட்ட இடங்களிலெல்லாம் புதிய தடிப்புகள் தோன்றின. இன்றும் இவ்விளைவு கோப்னரின் பெயராலேயே வழங்கப்படுகிறது. நோயாளர் நால்வரில் ஒருவருக்கு இவ்வியல்பு காணப்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. காயம் பட்டு 10 முதல் 20 நாட்களுக்குள் தடிப்பு தோன்றுவது வழக்கம். ஆகவே பயிற்சியைத் தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் புதிய இடத்தில் தடிப்பு தென்பட்டால், பயிற்சியின்போது அவ்விடத்தில் எது உராய்கிறது என்று ஆராய்தல் வேண்டும். பயிற்சியையே பழித்துக் கைவிடுதல் ஆகாது. உராய்வை நீக்கினாற் போதும்.

உடையிலிருந்தே உராய்வு பெரும்பாலும் தொடங்குகிறது. இடுப்பை இறுக்கும் கால்சட்டைப் பட்டை, பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, காலுறையின் இறுகிய விளிம்பு ஆகியவை தோலை ஓயாது தேய்க்கின்றன. சேலை உடுத்தி நடைப் பயிற்சி செய்யும் பெண்கள் நாடாவை அகலமான பட்டையாக அமைத்துத் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். பருத்தி உடை நன்று. ஆனால் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்ட பருத்தியும் தோலைத் தேய்க்கும். ஆகையால் நீண்ட நேரம் பயிற்சி செய்பவர்கள் மாற்றுச் சட்டை ஒன்றை உடன் கொண்டுசெல்ல வேண்டும். உடையில் சலவைத் தூள் தங்காதவாறு நன்றாக அலசுவதும் தேவை.

முழங்கையும் முழங்காலும் இந்நோய் மிகுதியாகத் தோன்றும் இடங்கள். எனவே தரையில் முழங்காலூன்றிச் செய்யும் ஆசனங்களுக்குக் கோரைப்பாயோ முரட்டு ஜமுக்காளமோ ஏற்றதன்று. அதன்மேல் மடித்த போர்வை ஒன்றை விரித்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் நோய் உள்ளவர்கள் தண்டால் எடுக்கும்போதும், எடை தூக்கும்போதும் மெல்லிய பருத்திக் கையுறை அணியலாம். சிறிது காலம் கைகளுக்கு ஓய்வளித்து, பஸ்கி, நடை ஆகியவற்றை மேற்கொள்வதும் ஏற்கத்தக்கதே. உள்ளங்காலில் வெடிப்பு உள்ளவர்களுக்கு ஓடுவதைவிட மிதிவண்டி ஓட்டுவது எளிது. தொடை இடுக்கில் நோய் உள்ளவர்களுக்கோ மிதிவண்டியின் இருக்கை துன்பம் தரும். அவர்கள் நடப்பதே நலம். மண்ணில் முழங்கால் தேய ஆடும் சடுகுடு போன்ற ஆட்டங்களை நோய் தணிந்திருக்கும் காலத்துக்கு ஒத்திவைக்கலாம்.

களிம்பும் குளியலும்

வறண்ட தோல் எளிதில் வெடிக்கும். நெகிழ்ச்சியுள்ள தோல் அசைவுக்கு இடந்தரும். ஆதலால் ஈரம் காக்கும் களிம்புகள் இந்நோயாளருக்கு அன்றாடத் தேவையாகும். எனினும் பயிற்சிக்குச் சற்று முன்னர் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற கெட்டியான பூச்சை உடல் முழுவதும் தடவுவது தவறு. அது உஷ்ணத்தையும் வியர்வையையும் தடுத்து நிறுத்தி, வேர்க்குருவையும் மயிர்க்கால் அழற்சியையும் உண்டாக்கக் கூடும். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக இலேசான களிம்பைப் பூசி, அது தோலில் ஊறுவதற்கு அவகாசம் அளிக்கலாம். உராயும் இடங்களிலும் வெடிப்புகளிலும் மட்டும் ஜெல்லியை மெல்லியதாகத் தடவலாம்.

பயிற்சி முடிந்ததும் வியர்வையைக் காயவிடாமல் குளித்துவிட வேண்டும். வெந்நீர் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை நீக்கி அரிப்பை மிகுவிக்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் குளிப்பது போதுமானது. காரம் மிகுந்த சவர்க்காரமும், பீர்க்கங்கூடு போன்றவற்றால் செதில்களைத் தேய்த்து அகற்றுவதும் தவிர்க்கத்தக்கவை. தேய்த்தலும் ஒரு காயமே என்பதைக் கோப்னரின் செய்தியிலிருந்து அறிகிறோம். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, தோல் முற்றிலும் உலருமுன் களிம்பைப் பூச வேண்டும். பலருக்குத் தேங்காய் எண்ணெயும் இப்பயனைத் தருகிறது. மடிப்புகளை மட்டும் நன்றாக உலர்த்த வேண்டும்.

நீச்சல் மூட்டுகளுக்குச் சுமை தராத சிறந்த பயிற்சியாகும். குளத்து நீரில் கலந்துள்ள குளோரின் தோலை வறளச் செய்யும். எனவே நீரில் இறங்குமுன் உடலை நனைத்துக்கொண்டு, வெடிப்புகளில் ஜெல்லியைத் தடவி, வெளியேறிய உடனே நல்ல நீரில் குளித்துக் களிம்பைப் பூசுவது முறை. திறந்த புண்ணோ சீழோ இருக்கும்போது நீந்தலாகாது. சில குளங்களில் நோய் தொற்றாதது என்பதற்கு வைத்தியரின் சான்று கேட்பதுண்டு. அதனை முன்னதாகப் பெற்று வைத்துக்கொள்வது வீண் வாதத்தைத் தவிர்க்கும்.

மூட்டுகளைக் கவனித்தல்

சோரியாசிஸ் நோயாளருள் 30 சதவிகிதம் வரையிலானவர்களுக்கு நாளடைவில் மூட்டு அழற்சியும் தோன்றுகிறது. பெரும்பாலும் தோல் நோய் தோன்றிப் பல ஆண்டுகள் கழித்தே இது வருகிறது. காலையில் எழுந்ததும் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருத்தல், கைவிரலோ கால்விரலோ முழுவதும் பருத்து வீங்குதல், குதிகாலில் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் வலித்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். நகங்களில் சிறு குழிகள் காணப்படுவோர் இதில் கூடுதலான கவனம் செலுத்த வேண்டும்.

இவ்வடையாளங்களை ஓட்டத்தினால் வந்த சுளுக்கு என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. காலங்கடந்தால் மூட்டு நிலையாகவே சேதமுறக் கூடும். சாதாரணத் தேய்மானத்தால் வரும் வலி உழைக்கும்போது மிகும். அழற்சியால் வரும் விறைப்போ ஓய்வில் மிகுந்து, அசைவால் குறையும். வீக்கமும் சூடும் உள்ள மூட்டுக்குச் சில நாட்கள் சுமை தராமல், மெதுவாக நீட்டி மடக்கும் அசைவுகளை மட்டும் செய்யலாம். வீக்கம் தணிந்த பின்னர் நடை, நீச்சல், மிதிவண்டி ஆகியவற்றைத் தொடரலாம்.

மருந்துகளும் பயிற்சியும்

சில மருந்துகளை உட்கொள்வோர் பயிற்சியின்போது தனிக் கவனம் கொள்ள வேண்டும். மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து இந்நோய்க்கு வாரம் ஒருமுறை மட்டுமே கொடுக்கப்படுவது. அதை உட்கொண்ட மறுநாள் சோர்வும் குமட்டலும் இருக்கக் கூடும்; அன்று இலேசான நடை போதும். உடலில் நீர் வற்றினால் இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது தடைப்பட்டு நஞ்சாக மாறக் கூடுமாதலால், இவர்கள் தண்ணீர் அருந்துவதில் தவறலாகாது. அசிட்ரெட்டின் தோலை வறளச் செய்வதோடு சிலருக்குத் தசைவலியையும் தருகிறது. சைக்ளோஸ்போரின் இரத்த அழுத்தத்தை உயர்த்தக் கூடும். சோரலென் உட்கொண்டு ஒளிச் சிகிச்சை பெற்றவர்கள் 24 மணி நேரம் வெயிலைத் தவிர்க்க வேண்டும். நிலக்கரித் தார் கலந்த களிம்பு பூசிய இடத்திலும் வெயில் படலாகாது.

வியர்வையால் அரிப்பு மிகும்போது மருந்துக் கடைக்குச் சென்று, கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசும் வழக்கம் நம் நாட்டில் பரவியுள்ளது. வைத்தியரின் மேற்பார்வையில் அளவோடு பயன்படுத்தும்போது ஸ்டீராய்டு களிம்பு சோரியாசிஸ் நோய்க்கு நல்ல மருந்தே. மேற்பார்வையின்றித் தொடையிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களில் நாட்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும். படர்தாமரை இருப்பின் அது மறைந்தாற்போல் தோன்றிப் பெருகும். இதனைக் கருதியே மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் 14 ஸ்டீராய்டு களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. ஸ்டீராய்டு மாத்திரைகளை உட்கொண்டு திடீரென நிறுத்தினால் சோரியாசிஸ் சீழ்க் கொப்புளங்களோடு கூடிய கடும் நிலையை அடையக் கூடும் என்பதும் அறியத்தக்கது.

எவ்வளவு, எப்படி?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சி செய்ய வேண்டும் என்றும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாட்களேனும் செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. மிதமான பயிற்சி என்பது, பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவில் மூச்சு வாங்கச் செய்வதாகும். நீண்ட காலம் பயிற்சியின்றி இருந்தவர்கள் முதல் வாரம் நாளொன்றுக்கு 10 நிமிடம் நடந்து, வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டிச் செல்லலாம். ஒரே வேளையில் இயலாதவர்கள் காலையும் மாலையுமாகப் பகுத்துக்கொள்ளலாம்; இதனால் உடல் அதிகம் சூடேறுவதும் தவிர்க்கப்படுகிறது. 40 வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்களும் கடும் பயிற்சியைத் தொடங்குமுன் வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும்.

உடல் முழுவதும் சிவந்து போதல், காய்ச்சல், நடுக்கம், சீழ்க் கொப்புளங்கள் ஆகியவை காணின் பயிற்சியை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரியை அணுக வேண்டும். இந்நிலையில் தோல் உஷ்ணத்தையும் நீரையும் காக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. நெஞ்சு வலி, மயக்கம், மிகுந்த மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். சாதாரண அரிப்பும் சிறு எரிச்சலும் பயிற்சியை நிறுத்தக் காரணங்கள் ஆகா. முறையைச் சிறிது மாற்றினால் அவை குறைந்துவிடும்.

பிறர் கடமை

இதுகாறும் கூறியவை நோயாளர் தாமே செய்துகொள்ளக் கூடியவை. அவரால் தனித்துச் செய்ய இயலாத ஒன்று உண்டு. அரைக்கைச் சட்டையோடு பூங்காவில் நடக்கும்போது எதிர்ப்படுவோர் விலகிச் செல்லாதிருத்தல் பிறர் கையில் உள்ளது. உடற்பயிற்சிக் கூடத்தையோ நீச்சற் குளத்தையோ நடத்துபவர்கள் தொற்றும் தோல் நோய்க்கும் தொற்றாத தோல் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருத்தல் அவர்களுடைய கடமையாகும். பள்ளி ஆசிரியர்கள் இந்நோயுள்ள மாணவனை விளையாட்டு வகுப்பின்போது ஒதுக்கி அமர்த்துவதற்கு மாறாக, முழுக்கைச் சட்டை அணியவும், இடையில் தண்ணீர் அருந்தவும் அனுமதித்து ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட நண்பரைப் பரிசோதித்த தோல் நோய் நிபுணர், மருந்துச் சீட்டின் கடைசி வரியில் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்குமாறு எழுதினார். நண்பர் முதலில் இருள் பிரியாத வேளையில், முழுக்கைச் சட்டையோடு, ஆள் நடமாட்டமற்ற தெருவில் நடந்தார். சில வாரங்களுக்குப் பின் அலுவலகத்தார் இருவர் அவரோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினர். இப்பொழுது அவருடைய எடையும் இரத்த அழுத்தமும் குறைந்துள்ளன. தடிப்புகள் முற்றிலும் மறையவில்லை. வெடித்துக் குருதி கசிவது நின்றுவிட்டது. சென்ற மாதம் அவர் மீண்டும் இறகுப்பந்து மட்டையைக் கையிலெடுத்தார். ஆட்டம் முடிந்ததும் எதிர்ப்புறம் ஆடியவர் வழக்கம்போல் அவர் கையைக் குலுக்கினார். அவர் கையுறையைக் கழற்றிவிட்டே கை நீட்டினார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.